உத்தரவில்லாத காவலாளி

சர்க்கார் காரியம் எதுவாயினும் இன்று ஜனங்கள் இணையதளத்தின் வாயிலில் நிற்க வேண்டியிருக்கிறது. பட்டா நகல், வாரிசுச் சான்று, மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை ஆகிய எல்லாவற்றிற்கும் அங்கேதான் மனுச் செய்துகொள்கின்றனர். மனுவோடு பெயர், விலாசம், பிறந்த தேதி, ஆதார் எண், பாங்கிக் கணக்கு எண் முதலியவற்றையும் ஒப்புவிக்க வேண்டும். ஒப்புவிக்க மாட்டேன் என்று சொல்லும் சுதந்திரம் ஏழைக் குடியானவனுக்குக் கிடையாது. இவ்வாறு கட்டாயத்தின் பேரில் பெற்ற பொருளைப் பாதுகாக்கும் கடமை, விரும்பிக் கொடுத்ததைப் பாதுகாக்கும் கடமையைக் காட்டிலும் பன்மடங்கு பெரியது. அக்கடமையில் ஒரு பகுதியைப் பெருஞ்செலவு ஏதுமின்றி, சில வரிகள் எழுதுவதாலேயே நிறைவேற்றலாம். அதையும் செய்யாமல் தளம் நடத்துவோர் பலர் வாளாவிருக்கின்றனர். அதைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

விஷயம் நுட்பமானதாகத் தோன்றினும் சாராம்சம் எளியது. ஒருவர் தமது கைப்பேசியிலோ கணினியிலோ ஒரு தளத்தின் விலாசத்தைத் தட்டியதும், அவருடைய பிரவுசர் அத்தளத்தின் சர்வருக்கு விண்ணப்பம் அனுப்புகிறது. சர்வர் பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறது. அப்பக்கத்திற்கு முன்னால், படிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் சில வரிகள் வருகின்றன. கடிதத்தின் உறைமீது எழுதும் குறிப்புகளைப் போன்றவை அவை. உள்ளே இருப்பது எவ்வகைப் பொருள், எத்தனை அளவு, அனுப்பிய நேரம் எது என்பன அவற்றில் இருக்கும். இவற்றோடு பிரவுசருக்குச் சில பாதுகாப்பு உத்தரவுகளையும் சேர்த்து எழுதலாம். தொழில் செய்வோர் இவற்றை 'செக்யூரிட்டி ஹெடர்' என்கின்றனர். நாம் தலைப்பு உத்தரவு என்று வழங்குவோம்.

பிரவுசர் என்பது குடிமகன் பக்கத்தில் நிற்கும் காவலாளி. அவன் கூலி கேட்பதில்லை; தூங்குவதில்லை; லஞ்சம் வாங்குவதில்லை. ஆனால் அவனுக்கு ஒரு குணம் உண்டு. சில பொது விதிகளுக்கு மேல், தளத்தின் சொந்தக்காரர் எதைத் தடுக்கச் சொன்னாரோ அதைத்தான் தடுப்பான். சொல்லாததை அனுமதித்ததாகவே கொள்வான். இதற்குக் காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. ஜினீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ஆம் வருஷத்தில் வலைக்குத் திட்டம் வகுத்தபோது, விஞ்ஞானிகள் தங்கள் குறிப்புகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வதே நோக்கமாயிருந்தது. நண்பர்கள் கூடும் திண்ணைக்குக் கதவு எதற்கு? அத்திண்ணையிலேயே பின்னர் பாங்கியையும் தாலுகாக் கச்சேரியையும் கொண்டுவந்து வைத்தார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகப் பிற்காலத்தில் செய்யப்பட்டன. பழைய தளங்கள் நின்றுபோகலாகாது என்பதற்காக, வேண்டுவோர் மாட்டிக்கொள்ளலாம் என்று விடப்பட்டன. ஆதலின், உத்தரவு எழுதாதிருப்பது நடுநிலைமை அன்று. அது கதவைத் திறந்து வைப்பதற்குச் சமானம்.

திறந்து வைத்ததால் விளைந்தவற்றைச் சில திருஷ்டாந்தங்களால் காட்டுவோம்.

முதலாவது, பாதையைப் பற்றியது. தளங்களுக்குத் திறந்த பாதை ஒன்றும் பூட்டிய பாதை ஒன்றும் உண்டு. பூட்டிய பாதைக்கு எச்.டி.டி.பி.எஸ். என்று பெயர். பூட்டிய பாதை இருந்தும், பயணி முதல் அடியைத் திறந்த பாதையில் வைத்து, அங்கிருந்து திருப்பி விடப்படுவது வழக்கமாயிருந்தது. அந்த முதல் அடியிலேயே வழிமறிக்கலாம் என்பதை 2009 பிப்ரவரியில் வாஷிங்டனில் நடந்த பாதுகாப்பு மகாநாட்டில் மாக்ஸி மார்லின்ஸ்பைக் என்பவர் செய்து காட்டினார். ரயிலடியிலோ காப்பி ஹோட்டலிலோ இலவச வைஃபையின் நடுவே அமர்ந்திருப்பவன், சர்வரோடு தான் மட்டும் பூட்டிய பாதையில் பேசிக்கொண்டு, பயணியைத் திறந்த பாதையிலேயே நிறுத்திவிடுவான். பயணியின் கடவுச்சொல் அவன் கண் முன்னே செல்லும். இதற்குப் பரிகாரம் 2012 நவம்பரில் ஆர்.எப்.சி. 6797 என்ற தரமாக வெளிவந்தது. 'ஸ்டிரிக்ட்-டிரான்ஸ்போர்ட்-செக்யூரிட்டி' என்னும் ஒரே வரிதான் அது. "இனி 31536000 வினாடிகளுக்கு, அதாவது ஒரு வருஷத்திற்கு, என்னிடம் பூட்டிய பாதையில் மட்டும் வா" என்று அது பிரவுசருக்குச் சொல்கிறது. பிரவுசர் அதை மறப்பதில்லை. முதல் வருகையையும் காக்க வேண்டுமாயின், பிரவுசர்களோடு சேர்ந்தே வரும் முன்பதிவுப் பட்டியலில் தளத்தின் பெயரைச் சேர்க்கலாம்.

இரண்டாவது, மாறுவேஷத்தைப் பற்றியது. 2009 பிப்ரவரியில் டுவிட்டர் தளத்தில் ஒரு விந்தை நடந்தது. 'அழுத்தாதே' என்று எழுதிய பொத்தான் ஒன்றை ஆவலோடு அழுத்திய ஒவ்வொருவர் பெயராலும், அவர் எழுதாத செய்தி ஒன்று வெளியாயிற்று. பொத்தானுக்கு மேல், கண்ணுக்குப் புலனாகாத கண்ணாடியைப் போல், டுவிட்டர் பக்கமே ஒரு சட்டத்துக்குள் வைக்கப்பட்டிருந்தது. விரல் பட்டது பொத்தானில் அன்று. கண்ணாடிக்குள் இருந்த 'வெளியிடு' என்பதில். அது விளையாட்டோடு போயிற்று. அதே வித்தையைப் பணம் அனுப்பும் பக்கத்தின் மீதோ சம்மதம் பெறும் பக்கத்தின் மீதோ செய்தால் விளையாட்டாக இராது. "என் பக்கத்தை அந்நியர் தங்கள் சட்டத்துக்குள் மாட்டலாகாது" என்ற உத்தரவுக்கு 'எக்ஸ்-பிரேம்-ஆப்ஷன்ஸ்' என்று பெயர். அவ்வருஷமே மைக்ரோசாப்ட் தன் எட்டாம் பதிப்புப் பிரவுசரில் அதைக் கொண்டுவந்தது. இன்று 'பிரேம்-ஆன்செஸ்டர்ஸ்' என்ற புதிய வடிவில் அது மேலும் திருத்தமாக வழங்குகிறது.

மூன்றாவது திருஷ்டாந்தமே தலையாயது. பக்கத்தோடு 'ஸ்கிரிப்ட்' எனப்படும் கட்டளைத் தொகுதிகளும் வருகின்றன. பக்கத்தில் உள்ள எதையும் படிக்கவும், மாற்றவும், வெளியே அனுப்பவும் அவற்றிற்கு வல்லமை உண்டு. 2018 ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலுமாக ஏறக்குறைய 15 நாட்கள், பிரிட்டிஷ் ஏர்வேஸ் கம்பெனியின் தளத்தில் பயணச் சீட்டு வாங்கியோரின் கார்டு எண்கள் களவு போயின. களவாணிகள் கம்பெனியின் பெட்டகத்தை உடைக்கவில்லை. தளத்தில் இருந்த ஒரு ஸ்கிரிப்டின் வாலில் சுமார் இருபது வரிகளை ஒட்டினார்கள். வாடிக்கைக்காரர் 'பணம் செலுத்து' என்று அழுத்தியதும், அவர் எழுதியதன் ஒரு பிரதி, கம்பெனியின் பெயரைப் போலவே தோன்றும் வேறொரு தளத்திற்குப் போயிற்று. வாடிக்கைக்காரருக்குச் சீட்டு ஒழுங்காகவே கிடைத்தது. ஆகையால் சந்தேகம் எழவில்லை. 4 லட்சத்துக்கு மேற்பட்டோரின் விவரங்கள் அபாயத்துக்குள்ளாயின. 2020 அக்டோபரில் பிரிட்டிஷ் தகவல் கமிஷனர் அக்கம்பெனிக்கு 2 கோடி பவுன் அபராதம் விதித்தார்.

இங்கே காவலாளியின் நிலைமையைக் கவனிக்க வேண்டும். கார்டு எண்ணை அந்நிய விலாசத்திற்குச் சுமந்து சென்றவன் வாடிக்கைக்காரரின் பிரவுசரேதான். "இப்பக்கத்திலிருந்து இன்னின்ன விலாசங்களுக்கு மட்டுமே பேசலாம், இன்னின்ன இடத்திலிருந்து வரும் ஸ்கிரிப்டை மட்டுமே நடத்தலாம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால், அச்சுமையை அவன் கீழே போட்டிருப்பான். அவ்வாறு எழுதும் உத்தரவுக்குக் 'கன்டென்ட்-செக்யூரிட்டி-பாலிசி' என்று பெயர். சர்வருக்குள்ளேயே புகுந்தவன் உத்தரவையும் திருத்திவிடக் கூடுமே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். சில சந்தர்ப்பங்களில் அது உண்மையே. ஆனால் ஸ்கிரிப்டுகள் இருக்கும் இடமும் உத்தரவு எழுதப்படும் இடமும் பெரும்பாலும் வெவ்வேறானவை. இரண்டு பூட்டைத் திறக்க வேண்டியவனுக்கு வேலை இரட்டிப்பு. அகப்படும் சந்தர்ப்பமும் இரட்டிப்பு.

அதே 2018-இல், பிப்ரவரி 11-ஆம் தேதி நடந்ததை இன்னும் கவனமாக நோக்க வேண்டும். எழுத்தைப் படிக்கச் சிரமப்படுவோருக்காகப் பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டும் 'பிரவுஸ்அலவுட்' என்னும் உதவி ஸ்கிரிப்டைப் பல பொதுத் தளங்கள் தருமமாக இணைத்திருந்தன. அந்த ஒரு ஸ்கிரிப்டை யாரோ கெடுத்தனர். உடனே 4000-க்கு மேற்பட்ட தளங்கள், வந்தவர்களின் கணினிகளை அவர்கள் அறியாமலே நாணய எண் தோண்டும் கூலி வேலையில் ஈடுபடுத்தின. அத்தளங்களில் பிரிட்டிஷ் வைத்திய இலாகாவினுடையவை இருந்தன. அமெரிக்க நீதிமன்றங்களினுடையது இருந்தது. பின்னால் 2 கோடி பவுன் அபராதம் விதித்த தகவல் கமிஷனரின் தளமும் இருந்தது! அவ்வருஷம் செப்டம்பரில் நமது தேசத்திலும், ஆந்திர ராஜ்யத்து நகராட்சித் தளங்கள் சில உட்பட, சர்க்கார் தளங்களில் இதே வகைத் தோண்டல் நடப்பது பத்திரிகைகளில் அம்பலமாயிற்று. கெட்ட நோக்கம் எதுவும் இல்லாத அதிகாரிகளின் தளங்கள் இவை. அந்நிய ஸ்கிரிப்ட் ஒன்றை உள்ளே அழைத்தபோது, அது மாறாமல் இருக்கிறதா என்று முத்திரை பார்க்கும்படி காவலாளிக்குச் சொல்லவில்லை. அவ்வளவே குற்றம். நேற்று நல்லதாயிருந்த ஸ்கிரிப்ட் இன்று வேறு கைக்கு மாறலாம் என்பதற்கு 2024 ஜூனில் 'பாலிபில்' சேவை சாட்சியாயிற்று. அதன் விலாசத்தைப் புதிதாக வாங்கியவர்களின் கையிலிருந்து, லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களுக்கு விஷம் கலந்த ஸ்கிரிப்ட் சென்றது.

நான்காவது, வாய் விடுதலைப் பற்றியது. 2015 ஜனவரியில் அமெரிக்க சர்க்காரின் ஆரோக்கிய இன்ஷ்யூரன்ஸ் தளத்தைப் பரிசோதித்தவர்கள் திடுக்கிட்டனர். மனுதாரரின் வயது, வருமானம், புகை பிடிப்பவரா, கர்ப்பிணியா என்பன பக்கத்தின் விலாசத்திலேயே எழுதப்பட்டிருந்தன. அப்பக்கத்தில் விளம்பரக் கம்பெனிகளின் துண்டுகளும் இருந்தன. துண்டுகளை வாங்கிவரச் செல்லும் பிரவுசர், "இன்ன பக்கத்திலிருந்து வருகிறேன்" என்று முழு விலாசத்தையும் ஒப்பித்தது. கர்ப்பிணியின் அந்தரங்கம் விளம்பரக்காரன் கணக்கில் ஏறிற்று. 'ரெபரர்-பாலிசி' என்னும் உத்தரவு அந்த வாயை அடைக்கிறது. இப்போதுள்ள முக்கியப் பிரவுசர்கள் உத்தரவில்லாமலே விலாசத்தைச் சுருக்கிச் சொல்லக் கற்றுக்கொண்டிருப்பது நல்லதே. எனினும் பழைய கைப்பேசியோடு வரும் ஏழையை நினைத்து, அந்தரங்கம் கையாளும் தளங்கள் அதை எழுதியே வைக்க வேண்டும்.

ஐந்தாவதாக நாம் சொல்வது நம் நாட்டு நிலைமைக்கு மிகவும் பொருந்துவது. நமது குடியானவர்கள் மனுச் செய்வது சொந்தக் கணினியில் அன்று; இ-சேவை மையத்திலும் பிரவுசிங் சென்டரிலும் ஆகும். ஒருவர் எழுந்தால் மற்றொருவர் அமர்கிறார். முன்னவர் வெளியேறிய பிறகும், பின்னவர் 'பின் செல்' பொத்தானை அழுத்தினால், முன்னவரின் பக்கம் அப்படியே திரையில் எழக் கூடும். பிரவுசர் அதைச் சேமித்து வைத்திருப்பதே காரணம். "இப்பக்கத்தைச் சேமிக்காதே" என்று 'கேஷ்-கன்ட்ரோல்' வரியில் 'நோ-ஸ்டோர்' என எழுதினால் இது பெரிதும் நீங்கும். வெளியேறும்போது எல்லாவற்றையும் துடைத்துவிடும்படி 'கிளியர்-சைட்-டேட்டா' என்ற உத்தரவும் உண்டு. பணக்காரன் தன் அறையில் தன் கணினியைப் பூட்டிக்கொள்வான். பொதுக் கணினியை நம்பியிருப்பவனுக்கு இந்த ஒரு வரியே பூட்டு.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். படம் என்று சொல்லிக்கொண்டு வரும் கோப்பை ஸ்கிரிப்டாக ஊகித்து நடத்தாதே என்பதற்கு 'எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸ்: நோஸ்னிப்' என்பது உத்தரவு. பொதுஜனங்கள் கோப்புகளை ஏற்றும் தளங்களில் இஃது அவசியம். காமிராவையும் ஒலிவாங்கியையும் இருப்பிடத்தையும் கேட்கும் உரிமையை இப்பக்கத்தில் யாருக்கும் தராதே என்பதற்குப் 'பெர்மிஷன்ஸ்-பாலிசி' உண்டு.

இவ்வளவும் படித்தவர்கள், வரிகளை எழுதிவிட்டால் போதும் என்று நினைத்துவிடலாகாது. 2016-இல் கூகிள் ஆராய்ச்சியாளர் நால்வர், உலகெங்கும் வழங்கும் 26,011 வகையான கன்டென்ட்-செக்யூரிட்டி-பாலிசிகளைச் சோதித்தனர். ஸ்கிரிப்டைக் கட்டுப்படுத்த முயன்றவற்றில் 94.68 சதவிகிதம் பயனற்றவை என்று கண்டனர். "எல்லாரும் வரலாம்" என்ற பொருள்படும் சொற்களைக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே நுழைத்ததும், மிகப் பெரிய பொதுக் கிடங்குகளை முழுமையாக நம்பியதும் காரணங்கள். தூணில் ஒட்டிய தடை உத்தரவின் கீழேயே அனைவருக்கும் விலக்கு அளித்தது போன்றது இது. மூலத்தின் பெயரை நம்புவதை விட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும் ரகசிய எண்ணை ஸ்கிரிப்டுக்கு அடையாளமாகக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் யோசனை சொன்னார்கள். அதுவே இன்று சிறந்த முறையாகக் கருதப்படுகிறது.

காலாவதியான உத்தரவுகளும் உண்டு. 'எக்ஸ்-எக்ஸ்.எஸ்.எஸ்.-புரொடெக்ஷன்' என்ற வரிக்குக் கீழ்ப்படிந்த பகுதியை 2019-இல் குரோம் பிரவுசர் நீக்கிவிட்டது. அதனால் நன்மையிலும் தீமையே மிகுதி என்பது அனுபவத்தில் தெரிந்தது. 'பப்ளிக்-கீ-பின்ஸ்' என்பதும் அவ்வருஷமே அங்கு அகற்றப்பட்டது. அதைத் தவறாக எழுதியவர் தம் வாடிக்கைக்காரரையே வெளியே பூட்டிவிட நேரும். இவற்றை இன்னும் வற்புறுத்தும் தணிக்கைப் பட்டியல் எங்கேனும் இருக்குமானால், அது பரிசோதகரின் மறதியைக் காட்டுவதேயாகும். வரி இருக்கிறதா என்று பார்த்துக் கோடு போடுவது தணிக்கை ஆகாது. வரி என்ன சொல்கிறது என்று படிப்பதே தணிக்கை.

இனி, ஆட்சேபங்களுக்கு வருவோம். "உத்தரவை எழுதினால் தளம் நின்றுவிடும், ஜனங்கள் கூச்சலிடுவார்கள்" என்பது நிர்வாகிகள் கூறும் முதல் சமாதானம். அஞ்சுவோருக்கு வழி வகுத்தே இவ்வுத்தரவுகள் செய்யப்பட்டிருக்கின்றன. கன்டென்ட்-செக்யூரிட்டி-பாலிசிக்கு 'ரிப்போர்ட்-ஒன்லி' என்ற ஒத்திகை வடிவம் உண்டு. அதில் பிரவுசர் எதையும் தடுக்காமல், தடுக்க வேண்டியிருந்ததை எழுதி மட்டும் அனுப்பும். சில வாரங்கள் அவ்வறிக்கைகளைப் படித்து, திருத்தி, பிறகு அமலாக்கலாம். பாதை உத்தரவையும் முதலில் 300 வினாடிகளுக்கு எழுதிப் பார்த்து, ஒரு வாரம், ஒரு மாதம் என்று நீட்டிக்கொண்டு போகலாம். துணைத் தளங்கள் எல்லாம் பூட்டிய பாதைக்கு வந்தபின் அவற்றையும் உட்படுத்தலாம். முன்பதிவுப் பட்டியலில் சேர்வது கடைசிப் படி, ஏனெனில் அதிலிருந்து விலகுவதற்கு மாதக்கணக்காகும். படிப்படியாகச் செய்யத் தெரிந்தவனுக்குப் பயம் இல்லை.

"இவை எல்லாக் களவையும் தடுத்துவிடுமா?" என்பது இரண்டாவது ஆட்சேபம். தடுக்கமாட்டா. சர்வரின் கொல்லைப்புறம் திறந்திருந்தாலும், அதிகாரியின் கடவுச்சொல் அவர் பெயராகவே இருந்தாலும், தலைப்பு உத்தரவு உதவாது. பிழையுள்ள நிரலைத் திருத்தாமல் உத்தரவை மட்டும் எழுதி உறங்கலாம் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் கொல்லைக் கதவு பழுதென்பது வாசற்கதவைச் சாத்தாமைக்குக் காரணம் ஆகுமா?

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, தரவைப் பெறுவோர் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும் என்கிறது. தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அவகாசம் தயாராவதற்கே அன்றித் தூங்குவதற்கு அன்று. 'நியாயமான' என்ற சொல்லின் அளவு யாது என்று வக்கீல்கள் வாதிடுவார்கள். நியூயார்க் துறைமுகத்தில் 1944-இல் ஆன்னா சி என்ற சரக்குப் படகு கட்டறுந்து போய் மூழ்கிற்று. படகிலிருக்க வேண்டிய காவலாள் 21 மணி நேரமாக அங்கில்லை. 1947-இல் அவ்வழக்கைத் தீர்த்த நீதிபதி லேர்னட் ஹாண்ட் ஓர் அளவுகோலைத் தந்தார். தடுப்பதற்காகும் பாரம், ஆபத்து நேரும் சாத்தியத்தையும் நஷ்டத்தின் அளவையும் பெருக்கி வருவதைவிடக் குறைவாயின், தடுக்கத் தவறியவர் அசிரத்தைக்குப் பொறுப்பாளி என்பதே அது. அமெரிக்கத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நியாயம் எல்லா தேசத்துக்கும் பொது. சில வரிகள் எழுதும் பாரம் எங்கே? லட்சக்கணக்கானோரின் பாங்கிக் கணக்கு எங்கே? இந்த அளவுகோலில் நிறுத்தினால் சமாதானம் சொல்ல இடமில்லை.

அச்சட்டம் தரவைப் பெறுபவருக்கு ஆங்கிலத்தில் இட்டிருக்கும் பெயர், பிறர் பொருளை நம்பிக்கையின் பேரில் வைத்திருப்பவர் என்ற பொருளுடையது. நம் பாஷையில் அவரைத் தர்மகர்த்தா என்போம். கோயில் நகையைத் திறந்த பெட்டியில் வைத்துவிட்டு, "பூட்டுவதற்கு ஞாபகமில்லை" என்று எந்தத் தர்மகர்த்தாவாவது சொல்ல முடியுமா? அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தேசப் பாதுகாப்பு முதலிய காரணங்களைக் கூறி, சர்க்கார் தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ள இடம் தருகிறது. இவ்விலக்கு பட்டாத் தளத்துக்கும் கல்லூரிச் சேர்க்கைத் தளத்துக்கும் நீளலாகாது. அந்நிய ஆட்சியில் சர்க்கார் தனக்கொரு சட்டமும் பிரஜைகளுக்கொரு சட்டமும் வைத்திருந்தது. அதை எதிர்த்துப் போராடிப் பெற்றதே சுயராஜ்யம்.

நாம் கேட்பது அதிகமன்று. அமெரிக்க சர்க்கார் 2015 ஜூனில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. பொதுஜனங்களுக்கான மத்திய அரசுத் தளங்கள் யாவும் 2016 முடிவுக்குள் பூட்டிய பாதையில் மட்டுமே இயங்க வேண்டும், ஸ்டிரிக்ட்-டிரான்ஸ்போர்ட்-செக்யூரிட்டி வரியும் எழுதப்பட வேண்டும் என்று தேதி குறித்து அது சொல்லிற்று. நமது தேசத்தில் சர்க்கார் தளங்களுக்கு வழிகாட்டு நெறிகள் 2009 முதல் இருக்கின்றன. 2023-இல் மூன்றாம் பதிப்பும் வந்தது. களவு நேர்ந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் கட்டளையிட்டது. தீப்பிடித்தபின் மணியடிக்கச் சொல்வது நல்லதே. கூரையில் ஓடு போடுவது அதனினும் நல்லது. மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்காரும், இன்ன தேதிக்குள் இன்னின்ன தலைப்பு உத்தரவுகள் எல்லாப் பொதுத் தளங்களிலும் இருக்க வேண்டும் என்று பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். தளம் கட்டும் டெண்டரில் அதை நிபந்தனையாக எழுதி, நிறைவேறாவிடில் கடைசித் தவணையை நிறுத்த வேண்டும். தளம் தோறும் பரிசோதித்த முடிவை மாதமொரு முறை வெளியிட வேண்டும். பாங்கிகளும், ஆஸ்பத்திரிகளும், விளம்பர ஸ்கிரிப்டுகளை அளவின்றிச் சுமக்கும் பத்திரிகைத் தளங்களும் இவ்விதிக்கு விலக்கல்ல.

கடைசியாகத் தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கார் காரியங்களில் பல, மூடிய கதவுக்குப் பின் நடப்பதால் நாம் அறிய முடிவதில்லை. இவ்விஷயமோ முற்றும் திறந்தது. தலைப்பு உத்தரவுகளை ஒவ்வொரு தளமும் வருகிற ஒவ்வொருவருக்கும் தானே அனுப்பிக்கொண்டிருக்கிறது. கணினியில் தளத்தைத் திறந்து, எப்-12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' என்ற பகுதியைத் திறந்து பக்கத்தை மீண்டும் வரவழைத்தால், முதல் வரியைத் தொட்டதும் அவை திரையில் தெரியும். மொசில்லா ஸ்தாபனம் 2016-இல் தொடங்கிய 'அப்சர்வேட்டரி' என்னும் பரிசோதனைச் சேவையில் விலாசத்தைக் கொடுத்தால், பள்ளிக்கூடத்தைப் போல் மார்க்கும் கிடைக்கும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தமக்கு அனுப்பப்பட்டதைப் படிப்பது பிரஜையின் உரிமை. அனுமதியின்றிப் பூட்டை ஆட்டிப் பார்ப்பது 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் குற்றமாகக் கூடும். நோக்கம் நல்லதாயினும் அது தற்காப்பாகாது.

ஒவ்வொரு தாலுகாவிலும் நாலு இளைஞர்கள் சேர்ந்து, தம் ஜில்லா மக்கள் உபயோகிக்கும் பத்துத் தளங்களை ஒரு மாலையில் பார்த்துவிடலாம். எந்த உத்தரவு இருக்கிறது, எது இல்லை என்று தேதியிட்டு எழுதி, உரிய இலாகாவுக்கும் சட்டசபை அங்கத்தினருக்கும் அனுப்பலாம். பதில் வராவிடில் 2005-ஆம் வருஷத்துத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி, பாதுகாப்புத் தணிக்கை எப்போது நடந்தது, செய்தவர் யார் என்று கேட்கலாம். கிளர்ச்சி வேண்டாம், கோஷம் வேண்டாம். கேள்வி வேண்டும், அது விடாமல் வேண்டும்.

கோடிக்கணக்கான கைப்பேசிகளில் காவலாளிகள் விழித்துக்கொண்டு நிற்கின்றனர். அவர்களுக்கு உத்தரவு எழுதித் தர வேண்டியவர்கள் நம் சம்பளம் பெறும் ஊழியர்கள். எழுதும்வரை கேட்டுக்கொண்டிருப்பது நம் கடமை.